மூச்சு வாங்கினால் வருகிறவள்

என் மாமனாரை இந்தப் பகுதியில் எல்லாரும் 'கண்டக்டர்' என்றுதான் சொல்வார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகியும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. பால் வாங்கப் போனால்கூட வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, "முன்னே போ, முன்னே போ" என்பார். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். கூட்டம் நகர்ந்தால் அவருக்கும் நல்லதுதானே.

அவர் பேச்சே அப்படி. ஆயுசு முழுக்க ஓடுகிற பஸ்ஸில், இஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வார்த்தையைக் குறைத்து வேலையை முடிக்கப் பழகியவர். "ஏறு", "நகரு", "இறங்கு", "ரைட்". இந்த நாலைந்து சொல்லை வைத்தே ஒரு குடும்பத்தையும் நடத்திவிட்டார். சோறு வைத்தால் "போதும்". டீ நன்றாக இருந்தால் "ரைட்". நன்றாக இல்லாவிட்டாலும் "ரைட்"தான், ஆனால் கொஞ்சம் தாமதமாக வரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மனுஷனுக்கு என்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று குளியலறைக்குள் போய் அழுதிருக்கிறேன். அத்தைதான் கதவைத் தட்டி, "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு அவருக்குப் பயம். நீ கண்டுக்காதே, வெளியே வா" என்றாள்.

அத்தையிடம் மட்டும் அவர் பேசுவார். இரண்டு பேரும் அறைக்குள் இருக்கும்போது சுவர் வழியாக ஒரு முணுமுணுப்பு வந்துகொண்டே இருக்கும். நிற்காமல், ஏற்ற இறக்கமில்லாமல், குழாயைச் சரியாக மூடாமல் விட்டதுபோல. ஒரு சொல்லும் பிடிபடாது. நான் சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். "என்ன அத்தை, உள்ளே அவ்வளவு பேச்சு?" என்றால், "வேற யாரைப் பத்தி, உன்னைப் பத்தித்தான்" என்பாள். எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது கிடையாது. உப்பு கம்மி என்பாள், துணி சரியாகப் பிழியவில்லை என்பாள். ஆனால் அவள் ஊருக்குப் போய்விட்டால் எனக்கு வீட்டில் இருப்பே கொள்ளாது.

அவள் செத்துப்போனது சொல்லாமல் கொள்ளாமல். நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்காரவைத்து உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம். "தண்ணி வேணும்" என்றாள். மாமா கீழே கடைக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலோடு படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் அழவில்லை. அந்தப் பாட்டிலை யாரிடமும் கொடுக்கவுமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் அவள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு நின்றது சுவருக்கு அந்தப்பக்கத்துச் சத்தம்.

மழை தொடங்கிய சமயத்தில் மாமாவுக்குச் சளி பிடித்தது. யாருக்குத்தான் பிடிக்கவில்லை? நான் வேலை பார்க்கும் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையைச் சுற்றி எல்லாருமே மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தோம். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது என் வேலை. அதில் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை. இருமல்கூடப் பேருக்குத்தான். சாப்பாடு குறைந்தது. "போதும்" என்பதற்குப் பதில் கையைக் காட்டினார். வேறு வீடாக இருந்தால், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்துகிறாரே என்று யாராவது பதறியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அவர் என்றைக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினார்? மூச்சு போதாமல் பேச்சு அறுந்தது எங்கள் காதுக்கு அவருடைய வழக்கமான பேச்சாகவே இருந்தது.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், அவர் அறையிலிருந்து அந்த முணுமுணுப்பு கேட்கிறது. செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். ஃபோனில் பேசுகிறாரோ என்று பார்த்தேன். ஃபோன் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, விருந்தாளியைக் காட்டுவதுபோல் கையை நீட்டினார்.

"உங்க அத்தை. வந்திருக்கா."

நாற்காலியில் மடித்து வைத்த ஒரு துண்டு இருந்தது. வேறு ஒன்றுமில்லை. "சரி மாமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். சாப்பிடும்போது ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அவர் ஒருநாளும் உப்பைப் பற்றிப் பேசியதில்லை. நான் நிமிர்ந்து பார்த்ததும், "நான் சொல்லலை. அவ" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. செத்த பிறகும் என் சமையலில் குறை கண்டுபிடிக்க வந்துவிட்டாளே!

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதையும் தட்டிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "வயசாயிடுச்சு, அம்மா நினைப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றார். கீழ்வீட்டக்கா ராத்திரி வந்து என் காதோடு, "அவங்க தண்ணி கேட்டுட்டுப் போனவங்க இல்லியா. அது சும்மா போகாது. யாரையாவது கூட்டிட்டு வந்து பாரு" என்றாள். பகலில் கேட்டால் சிரித்திருப்பேன். அப்போது சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் மாமா அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் நிரப்பி வைத்தார். மாலையில் அது பாதியாக இருந்தது. அவரே குடித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, காலையில் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "ரை..." என்றார். மீதி வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, தோள்கள் இரண்டும் மேலே ஏறி இறங்குகின்றன, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுகிறது. வாழ்நாளெல்லாம் சொன்ன ஒரே ஒரு சொல்லை முடிக்க அவரிடம் மூச்சில்லை. நகத்தைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற நாக்குபோல் ஒரு நிறம். தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டக்காவும் ஓடிவந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு, வேகமாகப் பேசுகிறவர். மாமாவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். "ஆக்ஸிஜன் எண்பத்தஞ்சு. தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும்" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். முப்பதைத் தாண்டியது. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, ஒவ்வொரு இடமாக நகர்த்தி, வலதுபக்கம் அடியில் வந்ததும் அங்கேயே நின்றார்.

"இங்கே நொறநொறன்னு கேக்குது. எத்தனை நாளா இப்படிக் குழப்பமா பேசறார்?"

"குழப்பமெல்லாம் இல்லீங்க, அவர் எப்பவுமே கம்மியாத்தான் பேசுவார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லாதவங்களைப் பாக்கறாரா?"

நான் தலையாட்டினேன்.

மார்பு எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். விளக்குப் பலகையில் மாட்டி டாக்டரம்மா காட்டினார். காற்று இருக்கிற இடம் கறுப்பாகத் தெரியுமாம். இடது பக்கம் நல்ல கறுப்பு. வலது பக்கம் கீழே யாரோ சுண்ணாம்பை அள்ளி அப்பியதுபோல் வெள்ளை. "நிமோனியா. நுரையீரல் முழுக்கக் குட்டிக் குட்டிக் காத்துப் பைகள் இருக்கு. மூச்சை இழுத்தா அங்கேதான் காத்து போயி ரத்தத்துல கலக்கும். கிருமி உள்ளே போனதும் இந்தப் பக்கத்துப் பைகள்ல சீழும் தண்ணியும் நிரம்பிடுச்சு. காத்து நுழைய இடமில்லை."

படுத்திருந்த மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வண்டி... ஃபுல்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரெக்ட். ஏறினவங்களை இறக்கிவிடத்தான் மருந்து."

"காய்ச்சலே வரலியேம்மா?" என்றேன்.

"வயசானவங்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரும், இருமல் இல்லாமலும் வரும். சில பேருக்குத் திடீர்னு குழம்பிப் பேசறதுதான் முதல் அறிகுறியே. உடம்புல கிருமி, மூளைக்குப் போற ஆக்ஸிஜன் கம்மி. ரெண்டும் சேர்ந்தா இல்லாதவங்க கண்ணுக்குத் தெரிவாங்க, பேசுவாங்க. பயப்படாதீங்க. நிமோனியா சரியானா அவங்களும் போயிடுவாங்க."

நல்ல சேதியாகத்தான் சொன்னார். எங்களுக்கும் அது நல்ல சேதியாகத்தான் கேட்டது. மாமா கண்ணைத் திறந்து, டாக்டரம்மா முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். சளியைத் துப்பச் சொல்லி, என்ன கிருமி என்று பார்க்க ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டார்கள். மூக்கில் இரட்டைக் குழாய் வைத்து ஆக்ஸிஜன், கையில் ஊசி குத்தி நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக். எந்தக் கிருமி தந்த நிமோனியா என்று முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது, மருந்தை உடனே தொடங்க வேண்டும் என்றார்கள். தட்டையாகப் படுக்க விடாமல் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தார்கள். நர்ஸ் ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டில் ஓரத்தில் உட்காரப் போனாள். மாமா படபடத்துக் கையை ஆட்டினார். "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" அவள் பயந்து எழுந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்டேன், நர்ஸிடமா அத்தையிடமா என்று எனக்கே சந்தேகம்.

மருந்து வேலை செய்தது. நகத்தின் நிறம் மாறியது. மூச்சு நிதானப்பட்டது. மூன்றாம் நாள் காலை நான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, தெளிவான கண்ணோடு என்னைப் பார்த்தார். கட்டிலின் ஓரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வார்டு முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அவ எங்கே இறங்கினா?"

நான் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்துகொண்டே இருந்தேன். அத்தை போன அன்று வராத அழுகை அவருக்கு அன்றைக்கு வந்தது. வார்டே திரும்பிப் பார்க்க, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "குழப்பம் தெளிஞ்சிடுச்சு, நல்ல முன்னேற்றம்" என்று எழுதிவிட்டுப் போனார் டாக்டரம்மா. அவர்மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரைகள். நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த கடைசி மாத்திரைவரை முடிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று விழுங்கவைத்தேன். ஆழமாக மூச்சிழுத்து விடச் சொன்னேன். செய்தார். வீட்டில் வைத்துப் பார்க்க விரல் கிளிப் ஒன்றும் வாங்கினோம். சில வாரங்கள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு பக்கமும் கறுப்பு. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "இனிமே வராம இருக்கத் தடுப்பூசி இருக்கு. நிமோகாக்கஸ்னு ஒரு கிருமிக்கு ஒண்ணு, ஃப்ளூவுக்கு ஒண்ணு. எல்லா நிமோனியாவையும் தடுக்காது. ஆனா பெரும் ஆபத்தைக் குறைக்கும். இன்னைக்கே போட்டுக்கலாமா?"

மாமா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இனிமே அவ வரமாட்டாளா?" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க வரலை ஐயா. உங்க நோய் அவங்களைக் காட்டுச்சு."

"சரி. ஊசி வேணாம்."

எவ்வளவு சொல்லியும் கையை நீட்டவில்லை. வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் பயப்படத் தொடங்கினேன். பேய்க்குப் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் நல்ல மழை. காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. பல் கிட்டிப்போயிருக்கிறது. "என்ன மாமா இது?" என்றால், "சும்மா" என்கிறார். இழுத்துவந்து தலை துவட்டிவிட்டேன். அடுத்த சில நாட்கள் அவர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை. அவருக்கு ஏமாற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "நனையறதால மட்டும் நிமோனியா வராது, கிருமி வேணும்" என்று சொல்லிச் சிரித்தவர், பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். "எதுக்கு நனையறார்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? மனுஷன் சாகணும் என்று ஆசைப்படவில்லை. பெண்டாட்டியைப் பார்க்கணும் என்று ஆசைப்பட்டார். அவள் வருகிற வழி ஒன்றே ஒன்று, அது அவருடைய வலது நுரையீரல் வழியாக இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் அவரோடு உட்கார்ந்து பேசினோம். மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடமும் கூட்டிப்போனோம். அங்கேயும் "உம்", "இல்ல", "ரைட்". தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக அவர் விரலில் கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று காட்டும். அவர் அந்த எண்ணைப் பார்த்து, பஸ்ஸைத் தவறவிட்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குளிர்காலம் வந்தது. தொழிற்சாலையில் ஆளுக்கு ஆள் ஃப்ளூ. அதை வீட்டுக்குச் சுமந்து வந்தது அனேகமாக நானாகத்தான் இருக்கும். நான் இரண்டு நாள் படுத்து எழுந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு குளிர்கிடங்கு வேலைக்காக வெளியூர் போயிருந்தார். நான் வேலைக்குத் திரும்பிய அன்று மாலை கிளிப்பை மாட்டினால் எண்ணே வரவில்லை. "கிளிப்புல பேட்டரி தீர்ந்துடுச்சு" என்றார். மூன்று சொல் சேர்ந்தாற்போல் வந்ததே என்று அசந்துவிட்டேன். பேட்டரியைக் கழற்றித் தலையணை உறைக்குள் போட்டிருந்தார் என்பது பிறகு துணி துவைக்கும்போது தெரிந்தது.

மறுநாள் படியேறி வரும்போதே கேட்டேன். சுவருக்கு அந்தப்பக்கத்துச் சத்தம். அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவை இடித்தேன், உதைத்தேன். "மாமா, திறங்க!" வெகு நேரம் கழித்துத் தாழ் விலகியது. திறந்துவிட்டு அவர் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்தார். உதடு கறுத்திருந்தது. ஆனால் அந்த முகம்! கல்யாண ஃபோட்டோவில்கூட அவர் அப்படி இருந்ததில்லை.

"கிளம்புங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வரலை."

"செத்துப்போயிடுவீங்க."

"இங்கேயே... இருக்கோம்."

இருக்கோம் என்றார். எனக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். பெரிய உடம்பு, அசையவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. கோபத்தில் கத்தினேன்: உங்களுக்கு நாங்க யாரும் கண்ணுக்குத் தெரியலியா, உங்க மகன் வந்து என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல? அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானும் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பினேன்.

"அத்தை, பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, நல்லா இருக்கா? உங்க புருஷனுக்கு மூச்சு நின்னுக்கிட்டிருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டார், என்னைக்குக் கேட்டார்? நீங்க எந்திரிங்க. நீங்க கிளம்பினா அவரும் கிளம்புவார். என் சமையல்ல குறை சொல்ல மட்டும்தான் வருவீங்களா?"

சொல்லிவிட்டு நின்றேன். மாமா நாற்காலியையே பார்த்தார். யாரோ எதையோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு கையை நீட்டினார், ஒருவரை எழுப்பிவிடுகிற மாதிரி. தானும் எழுந்தார்.

என் பொய் பலித்துவிட்டது என்று நினைத்தேன். கீழ்வீட்டக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிப் படியிறக்கினோம். டாக்ஸியில் மாமா ஒரு ஓரம் உட்கார்ந்தார். நான் மறு ஓரம் உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் யாராவது வரணுமா?" என்றார். "எல்லாரும் ஏறியாச்சு, போங்க" என்றேன். ஒரு திருப்பத்தில் வண்டி வேகமாகச் சாய்ந்தபோது, நடுவில் இருப்பவர் விழுந்துவிடாமல் என் கை தானாகக் குறுக்கே போனது. வெறும் காற்றைத்தான் தடுத்தேன். ஆனாலும் ஆஸ்பத்திரி வரும்வரை கையை எடுக்கவில்லை.

இந்தத் தடவை இரண்டு பக்கமும் வெள்ளை. ஃப்ளூ வைரஸ் வழியை உண்டாக்கிக் கொடுக்க, பின்னாலேயே வேறு கிருமியும் நுழைந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. மூக்குக் குழாய் போதவில்லை. முகத்தை இறுக்கிப் பிடிக்கிற மாஸ்க் போட்டு, இயந்திரம் காற்றைத் தள்ளியது. வைரஸுக்கு ஒரு மருந்து, கிருமிக்கு வேறு. "இன்னும் தாமதிச்சிருந்தா தொண்டைக்குள்ளே குழாய் விட்டிருக்கணும். இப்பவும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

நான் கண்ணாடிக்கு வெளியே நின்று மானிட்டரைப் பார்த்தேன். பச்சை எண். எண்பத்தெட்டு. தொண்ணூறு. மாமா வெறும் காற்றில் யாருடைய கையையோ பிடித்தபடி படுத்திருந்தார். எண் ஏற ஏற அந்தப் பிடி தளர்ந்தது. எண் ஏற ஏற அத்தை குறைந்தாள். நான்தான் அவளைப் பேசி அழைத்துவந்தேன், நான்தான் இங்கே கொண்டுவந்து இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. தொண்ணூற்றிரண்டு என்று காட்டியபோது அவர் பிழைத்துவிடுவார் என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரையோ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதுபோலவும் இருந்தது.

பிழைத்தார். எழுந்து நடக்க வெகு நாளாயிற்று. கண் தெளிந்த அன்று அவர் யாரையும் தேடவில்லை, எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. என்மேல் கோபம், ஏமாற்றிக் கூட்டிப்போனதற்கு வஞ்சம் வைத்திருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், அந்தச் சுவருக்கு நேராக நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று எக்ஸ்ரே நன்றாக வந்திருந்தது. டாக்டரம்மா தடுப்பூசிப் பேச்சை எடுக்கத் தயங்கினார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கும் முன்னால் மாமா சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"போடுங்க. ரெண்டும்."

போட்ட பிறகு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னால் அடக்க முடியவில்லை.

"என்மேல கோபமா மாமா? அன்னைக்கு அத்தை பேரைச் சொல்லி உங்களை ஏமாத்திட்டேன்."

அவர் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு பேசினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சுவரில் காதை வைத்துக் கேட்க முயன்ற குரலில், நிறுத்தாமல் பேசினார்.

"நீ ஏமாத்தலைம்மா. முதல் தடவை வந்தப்போ அவ நல்லா இருந்தா. தண்ணி குடிச்சா, சிரிச்சா, உன்னைக் கிண்டல் பண்ணினா. அந்த மாதிரியே வருவான்னுதான் நான் காத்துக்கிட்டிருந்தேன். இந்தத் தடவை வந்தா, வந்ததுலேருந்து அவளுக்கு மூச்சு வாங்குது. நான் எப்படி இழுக்கறேனோ அப்படியே அவளும் இழுக்கறா. எனக்கு உதடு காஞ்சா அவளுக்கும் காயுது. தண்ணி குடுத்தா குடிக்க முடியலை. முதல்ல அவளைப் பாத்த சந்தோஷத்துல நான் அதைக் கவனிக்கவே இல்லை. நீ வந்து அவளைப் பாத்துக் கத்தினியே, அப்பத்தான் நல்லாப் பாத்தேன். எந்திரிக்கக்கூட முடியாம உட்கார்ந்திருந்தா. அவ செத்து இத்தனை நாளாச்சு, இப்போ நான் அவளை மறுபடியும் மூச்சுத் திணற வெச்சிருக்கேன்."

பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

"எனக்காக நான் ஆஸ்பத்திரிக்கு வரலைம்மா. அவளைத்தான் கூட்டிட்டு வந்தேன்."